ரூட் கெனால்: எடுத்தது எவ்வளவு, விட்டது எவ்வளவு?

கும்மிடிப்பூண்டியிலிருந்து எளாவூர் வரைக்கும் ஜி.என்.டி. ரோட்டில் வந்தால் பல் ஆஸ்பத்திரி பலகைகளுக்குப் பஞ்சமே இல்லை. வலியில்லாத ரூட் கெனால், ஒரே சிட்டிங், ரோட்டரி முறை என்று வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். உள்ளே போகும் நம் ஆட்கள் கேட்பது இரண்டே கேள்வி. எவ்வளவு ஆகும்? எத்தனை தடவை வரணும்? மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை. வேலை முடிந்த பிறகு என் பல்லில் எவ்வளவு மிச்சம் இருக்கும்? என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

நான் டாக்டர் இல்லை. சிப்காட்டில் ஒரு கம்பெனி டூல் ரூமில் முப்பது வருஷத்துக்கு மேல் டிரில், ரீமர், அரம் என்று கையில் பிடித்தவன். இரும்பில் துளை ஒரு நூல் பெரிதாகிவிட்டால் புஷ் போட்டுச் சரிக்கட்டலாம். பல்லுக்கு அந்த வசதி கிடையாது. எடுத்தது எடுத்ததுதான், திரும்ப வளராது. நோயைப் பற்றி டாக்டர்கள் பேசட்டும். கருவியைப் பற்றி நாலு வார்த்தை நானும் பேசலாம் என்று நினைக்கிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. பல்லின் மேலே கடினமான எனாமல், அதற்குள் டென்டின், நடுவே ரத்தக்குழாயும் நரம்பும் ஓடும் மெல்லிய சதை. சொத்தை அந்தச் சதையைத் தொட்டதும் ராத்திரித் தூக்கம் போய்விடும். டாக்டர் மேலே ஒரு வாசல் திறந்து, வேருக்குள் ஓடும் கால்வாயில் கெட்டுப்போன சதையை எடுத்து, கழுவி, கட்டாபெர்ச்சா என்ற மரப்பால் சரக்கை அடைத்து மூடுகிறார். பல் அப்படியே வாயில் இருக்கும், மெல்லலாம். இவ்வளவுதான் ரூட் கெனால்.

கஷ்டம் எங்கே என்றால், அந்தக் கால்வாய் நேராக இருப்பதில்லை. நம் ஏரிக்குப் போகும் ஓடை மாதிரி வளைந்து வளைந்து போகும். அதற்குள் நேரான இரும்புக் கம்பியை விட்டுச் சுரண்ட வேண்டும். 1838-ல் அமெரிக்காவில் எட்வர்ட் மேனார்ட் என்பவர் கடிகார ஸ்பிரிங்கை அராவித்தான் முதல் கருவியைச் செய்தார் என்று சொல்வார்கள். அதற்கப்புறம் நூறு வருஷத்துக்கும் மேல் எஃகுதான். எஃகு கொஞ்சம் வளையும், ஆனால் நேராக நிமிரத்தான் பார்க்கும். வளைவில் அது வெளிப்பக்கச் சுவரைத் தின்றுவிடும். கால்வாய் ஒரு பக்கம், கருவி போட்ட வழி இன்னொரு பக்கம் என்று ஆகிவிடும்.

இதை மாற்றியது நிக்கல் டைட்டானியம். பல்லுக்காகக் கண்டுபிடித்த உலோகம் இல்லை இது. அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வுக்கூடத்தில் வில்லியம் பியூலர் என்பவர் ஏவுகணை மூக்குக்குப் பொருள் தேடிக்கொண்டிருந்தபோது அகப்பட்டது. 1961-ல் ஒரு கூட்டத்தில் மடித்து மடித்து வைத்த ஒரு பட்டையை ஒருவர் தன் பைப் லைட்டரால் சூடாக்கிப் பார்க்க, அது தானே நீண்டு நிமிர்ந்ததாம். அந்த ஆய்வுக்கூடத்தின் பெயரையும் சேர்த்துத்தான் நிட்டினால் என்று பெயர் வைத்தார்கள். பிறகு பல் கம்பி கட்டுகிற டாக்டர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1988-ல் ஹர்மீத் வாலியா, பிராண்ட்லி, கெர்ஸ்டீன் மூவரும் அந்தக் கம்பியையே செதுக்கி 15-ம் நம்பர் ஃபைல் செய்து பார்த்தார்கள். அதே அளவு எஃகு ஃபைலைவிட இரண்டு மூன்று மடங்கு வளைந்து கொடுத்தது. அப்படி வளையும் கம்பி கிடைத்த பிறகுதான் அதை மோட்டாரில் மாட்டிச் சுற்ற முடிந்தது. அதுதான் ரோட்டரி. சொத்தையை எடுக்கும் ஏர்ரோட்டர் நிமிஷத்துக்கு மூன்று லட்சம் சுற்றுக்கு மேல் போகும். ரோட்டரி ஃபைல் பெரும்பாலும் முந்நூறு சுற்றுக்கு முன்னே பின்னேதான். லேத் வேலை தெரிந்தவர்களுக்கு இந்த வேகம் பழகியதுதான்.

ஆக மெஷின் நல்லதுதான். வளைவான வேரை அதன் வளைவு கெடாமல் சுத்தம் செய்கிறது. டாக்டருக்குக் கை வலி குறைவு, நமக்கு வாய் திறந்து உட்கார்ந்திருக்கும் நேரமும் குறைவு. இதில் எனக்குச் சண்டை இல்லை.

என் கவனம் வேறு இடத்தில், டேப்பரில். எங்கள் பட்டறையில் டேப்பர் பின் போடுவதற்கு ஒரு ரீமர் உண்டு. 50 மி.மீ. நீளத்துக்கு 1 மி.மீ. பருமன் கூடும். ஐம்பதுக்கு ஒன்று என்போம். பல் டாக்டரின் பழைய கை ஃபைலும் அதே ஐம்பதுக்கு ஒன்றுதான் என்று தெரிந்தபோது எனக்கு ஒரு சந்தோஷம், பழைய சிநேகிதனைக் கண்ட மாதிரி. அவர்கள் அதை இரண்டு பர்சென்ட் என்கிறார்கள். மி.மீ.க்கு 0.02 மி.மீ. கூடும். ரோட்டரி ஃபைல்கள் வந்தபோது நாலு பர்சென்ட், ஆறு பர்சென்ட், அதற்கும் மேலே என்று டேப்பரும் கூடியது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 25-ம் நம்பர் ஃபைலின் நுனி 0.25 மி.மீ. வெட்டும் பகுதி 16 மி.மீ. இரண்டு பர்சென்ட் என்றால் மேல் முனையில் பருமன் 0.57. நாலு பர்சென்ட் என்றால் 0.89. ஆறு என்றால் 1.21. நுனி மூன்றுக்கும் ஒன்றே. ஆனால் மேலே வரவர, ஆறு பர்சென்ட் ஃபைலின் வட்டம் இரண்டு பர்சென்ட் ஃபைலைப் போல நாலரை மடங்கு பரப்பாகிறது. எல்லா ஃபைலும் கடைசி வரை ஒரே டேப்பரில் போவதில்லை. மேலே போகப் போகச் சரிவைக் குறைத்துச் செய்கிறவையும் உண்டு, 0.8 மி.மீ.க்கு மேல் பருக்காதவையும் இப்போது வந்திருக்கின்றன. எந்த ஃபைல் என்பதைப் பொறுத்தது அது.

பழைய கை வேலையைப் புகழ்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அப்போதும் கால்வாயின் வாயை அகலமாக்க கேட்ஸ் கிளிடன் என்று ஒரு டிரில் போடுவார்கள். அதில் 3-ம் நம்பரே 0.9 மி.மீ., 4-ம் நம்பர் 1.1. கையால் செய்தாலும் தின்னத் தெரிந்தவர் தின்றார். மெஷினில் செய்தால் தின்பது சீக்கிரம் நடக்கிறது, அதுவும் நோகாமல் நடக்கிறது. அதனால் தெரிவதில்லை.

ஒரு மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லுக்கு இரண்டு வேர், கவட்டை மாதிரி பிரியும். முன்பக்கத்து வேரில் கவட்டையைப் பார்த்த சுவர் ரொம்ப மெல்லிசு. சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும், சிலருக்கு அதைவிடக் குறைவு. 1980-லேயே அபுராஸ் என்பவரும் கூட்டாளிகளும் இதை அபாயப் பகுதி என்று எழுதி, ஃபைலை அந்தப் பக்கம் சாய்க்காமல் எதிர்ச்சுவர்ப் பக்கமாக அராவச் சொன்னார்கள். ஒரு மில்லிமீட்டர் சுவரில் கால் மில்லிமீட்டர் போனால் கால் பங்கு சுவர் போச்சு.

அதற்கும் மேலே, பல்லின் கழுத்து. ஈறுக்குள் எலும்பு விளிம்பு இருக்கிறதே, அதற்கு நாலு மி.மீ. மேலும் நாலு மி.மீ. கீழும் உள்ள டென்டினைத் தொடாதீர்கள் என்று 2010-ல் கிளார்க், கடேமி என்ற இரண்டு பல் டாக்டர்கள் எழுதினார்கள். மெல்லும் பாரம் முழுக்க அங்கேதான் திரும்புகிறது. நட்டு வைத்த கம்பம் காற்றில் எங்கே முறியும்? தரையோடு தரையாகத்தானே. அது தெரிய டாக்டர் படிப்பு வேண்டியதில்லை.

நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. ரூட் கெனால் செய்த பல் செத்த பல், காய்ந்த விறகு மாதிரி, எப்படியும் உடையும், அதற்குப் பிடுங்கிவிடுவதே மேல் என்பார்கள். இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1992-ல் செட்ஜ்லி, மெசர் இருவரும் ரூட் கெனால் செய்த பற்களை, அதே வாயில் மறுபக்கம் உயிரோடு இருந்த ஜோடிப் பற்களோடு ஒப்பிட்டார்கள். நொறுங்கும் தன்மையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அதற்கு முன்பே 1989-ல் ரீ, மெசர், டக்ளஸ் மூவரும் முன்கடைவாய்ப் பற்களை வைத்து விறைப்பு எவ்வளவு குறைகிறது என்று அளந்தார்கள். ரூட் கெனாலுக்கு வாசல் திறந்து உள்ளே வேலை செய்ததில் போனது 5 சதவீதம்தான். மேலே சாதாரணப் பில்லிங்குக்குக் குழி எடுத்ததில் 20 சதவீதம். குழியை முன்னும் பின்னும் இரண்டு பக்கச் சுவரையும் உடைத்துக்கொண்டு எடுத்தபோது 63 சதவீதம்.

இந்த மூன்று எண்ணையும் நான் டைரியில் எழுதி வைத்திருக்கிறேன். சதை போனதால் பல் பலவீனமாவதில்லை. சுவர் போனால் பலவீனமாகிறது. 63 சதவீதத்தில் பெரும் பங்கு சொத்தை தின்றதாக இருக்கும், அதற்கு டாக்டர் என்ன செய்வார்? ஆனால் சொத்தை விட்டுவைத்த சுவரை வேலை வசதிக்காக எடுப்பது வேறு. அதைத்தான் கேட்கிறேன்.

வெளியூர்களில் இப்போது நேர் எதிர்த் திசையிலும் ஒரு மோகம் கிளம்பியிருக்கிறது. வாசலை ஊசித் துளை மாதிரி வைத்து, அதன் வழியாகவே எல்லா வேலையும் முடிக்கிறார்களாம். இதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால் பல்லுக்குப் பலம் கூடியது என்று ஆய்வுகள் ஒரே குரலில் சொல்லவில்லை. மேல் கடைவாய்ப் பல்லில் பாதிக்கு மேற்பட்டவற்றில் நாலாவதாக ஒரு கால்வாய் ஒளிந்திருக்கும். வாசல் சின்னதாக இருந்தால் அதைக் கண்டுபிடிக்காமலே மூடிவிடலாம். உள்ளே அழுக்கை வைத்துக் கதவைச் சாத்தினால் ஒரு நாள் சீழ் வைத்துக் கிளம்பும். பார்க்க வேண்டியது தெரியும் அளவுக்கு வாசல், அதற்கு மேல் வேண்டாம்.

இன்னொன்றும் இருக்கிறது. எவ்வளவு பெரிய ஃபைல் போட்டாலும் அது கால்வாயின் எல்லாச் சுவரையும் தொடுவதில்லை. 2001-ல் பீட்டர்ஸ் என்பவரும் குழுவினரும் ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில், எந்தக் கருவி போட்டாலும் 35 சதவீதத்துக்குக் குறையாத சுவர்ப் பரப்பு தொடப்படாமலே இருந்தது. கருவி உருண்டை, கால்வாய் தட்டை. உருண்டை ரீமரால் தட்டை ஓட்டையைச் சுத்தம் செய்ய முடியாது என்று எங்கள் பட்டறைப் பையனே சொல்வான். சுத்தம் செய்வது உண்மையில் கழுவும் மருந்துதான், சோடியம் ஹைப்போகுளோரைட். துணி வெளுக்கும் திரவத்தில் இருக்கும் அதே சரக்கு. முதல் உலகப் போரில் காயம் கழுவ டேக்கின் என்ற வேதியியலாளர் பக்குவப்படுத்தியது. அது உள்ளே போய்வர வழி செய்யத்தான் ஃபைல். அதனால் பெரிதாகக் குடைந்தால் நன்றாகச் சுத்தமாகும் என்ற வாதம் ஓரளவுக்குத்தான் நிற்கும். பொறுமையாகக் கழுவினால் சின்ன டேப்பரே பல நேரம் போதும். ஒரே சிட்டிங், அரை மணி நேரம் என்று விளம்பரம் செய்பவர்களிடம் எனக்குச் சந்தேகம் வருவது இந்த இடத்தில்தான். கழுவுவதற்கு நேரம் எங்கே?

இருந்தாலும் ஒரே சிட்டிங்கை நான் கேலி செய்ய மாட்டேன். சுண்ணாம்புக்குளம் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர், ஏரியில் இறால் பிடிப்பவர், என்னைவிடச் சின்னவர். பல்வலியில் கன்னம் வீங்கிக் கிடந்தார். ரூட் கெனால் செய்துகொள் என்றேன். "இன்னாண்ணே, ஒரு பல்லுக்கு மூணு தபா பட்டணம் போனா என் பாட்டுக்கு யாரு போறது?" என்றார். ஏரியில் முறை வைத்துத்தான் பாடு. நம் முறை வந்த நாளில் போகாவிட்டால் அந்த நாள் போனதுதான். மூன்று தடவை டாக்டரிடம் போவது மூன்று நாள் சம்பாத்தியம். அவர் மாதிரி ஆட்களுக்கு ரோட்டரி மெஷின் பெரிய உபகாரம். ஒரே நாளில் முடிகிற பல்லை ஒரே நாளில் முடிக்கலாம். ஆனால் அவர் அதற்கும் போகவில்லை. பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார். பிடுங்குவது பத்து நிமிஷம்.

நம் வயசுக்காரர்களுக்குச் சில விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். வயசாக ஆக பல்லுக்குள் டென்டின் படிந்து படிந்து கால்வாய் சுருங்கிக்கொண்டே வரும். இருபது வயசுப் பையனுக்கு அகலமாக இருக்கும் வழி, எழுபது வயசில் எக்ஸ்ரேயில் ஒரு முடி மாதிரி தெரியும், சில பேருக்குத் தெரியவே தெரியாது. அதைத் தேடிக் குடையும்போதுதான் நல்ல டென்டின் அதிகம் போகிறது. இதற்குப் பூதக்கண்ணாடியோ மைக்ராஸ்கோப்போ வைத்திருக்கும் டாக்டர் நல்லது, முடிந்தால் எண்டோடான்டிஸ்ட் என்று தனியாகப் படித்தவரிடம் போங்கள். அவசரப்படாதவராக இருந்தால் இன்னும் நல்லது.

போதாக்குறைக்கு நம் பழக்கங்கள். வெற்றிலை பாக்கு மென்று மென்று கடைவாய்ப்பல் பாதி தேய்ந்திருக்கும். ஊர்ப் பெயரிலேயே சுண்ணாம்பை வைத்திருப்பவர்கள் நாம்! வலை பின்னுகிறவர்கள் தங்கூசி நரம்பை முன்பல்லால் கடித்து அறுத்து அறுத்து, பல்லில் சின்னப் பள்ளமே விழுந்திருக்கும். நண்டுக் காலைக் கடைவாயில் வைத்து உடைக்காத ஆள் இந்தக் கரையில் யார்? ஏற்கெனவே இப்படித் தேய்ந்த பல்லில் இன்னும் ஒரு மில்லிமீட்டரைத் தாராளமாக எடுக்க அனுமதிக்க முடியாது.

அடுத்தது கேப். வலி நின்றதும் பாதிப் பேர் திரும்பிப் போவதில்லை. ரூட் கெனாலுக்கே இவ்வளவு ஆச்சு, இனி கேப்புக்கு வேறயா என்று விட்டுவிடுகிறார்கள். 2002-ல் அக்விலினோ, கேப்லன் இருவர் வெளியிட்ட கணக்குப்படி, ரூட் கெனாலுக்குப் பிறகு கேப் போடாத பற்கள், போட்டவற்றைவிட ஆறு மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டன. கேப் பிடிக்க வேண்டுமானால் ஈறுக்கு மேலே சுற்றிலும் இரண்டு மி.மீ. அளவாவது சொந்தப் பல் நிற்க வேண்டும். உலக்கைக்குப் பூண் போடுகிறோமே, அந்தக் கணக்குத்தான். பூண் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், உள்ளே மரம் இல்லாவிட்டால் எதைப் பிடிக்கும்? சுவர் பூராவும் போன பல்லில் வேருக்குள் கம்பி நட்டு அதன் மேல் கட்டுவார்கள். கம்பி பல்லுக்குப் பலம் தருவதில்லை, மேலே கட்டுவதைத் தாங்குகிறது, அவ்வளவே. அதை நட மறுபடி வேரைக் குடைய வேண்டும்.

கேப்புக்காகவும் பல்லைச் சுற்றி அராவத்தான் செய்வார்கள். பீங்கான் பூசிய கேப்புக்கு அதிகம் அராவ வேண்டும், முழு உலோகக் கேப்புக்குக் குறைவு. கடைசிக் கடைவாய்ப்பல்லுக்கு வெள்ளையாகத்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் என் வயசுக்காரர்களைப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது. அங்கே வந்து யார் பார்க்கப் போகிறார்கள்?

சமீபத்தில் வீட்டுக்காரிக்காக ஒரு இளம் டாக்டரம்மாவிடம் போயிருந்தேன். எத்தனை பர்சென்ட் டேப்பர் போடப் போகிறீர்கள் அம்மா என்று கேட்டேன். கோபித்துக்கொள்ளவில்லை. ஃபைல் பாக்கெட்டை எடுத்துக் காட்டினார். 25, 04 என்று அச்சிட்டிருந்தது. "வேர் வளைஞ்சிருக்கு ஐயா, நாலுக்கு மேல போக மாட்டேன்" என்றார். சரி என்று வெளியே வந்து உட்கார்ந்தேன். எல்லா இடத்திலும் இப்படி இல்லை. இன்னோரிடத்தில், பெயர் வேண்டாம், கேள்வி கேட்டதற்கே டோக்கன் முடிந்துவிட்டது என்றார்கள்.

கடைசியாக அரசாங்கத்துக்கு ஒன்று. ஏழை நோயாளிக்குப் பல் பிடுங்குவது சுலபமாகக் கிடைக்கிறது, பல்லைக் காப்பது கிடைப்பதில்லை. தாலுகா ஆஸ்பத்திரி அளவிலேயே ரோட்டரி மோட்டார், எக்ஸ்ரே, நேரம் ஒதுக்கி வேலை செய்ய ஒரு டாக்டர், பிறகு ஒரு உலோகக் கேப் என்று முழுதாகக் கிடைக்க வேண்டும். மோட்டார் ஒன்றை ஒரு பைக் விலைக்குள் வாங்கிவிடலாம். ஃபைல் தேயும், களைத்து முறியும், அடிக்கடி மாற்ற வேண்டும், அந்தச் செலவுதான் தொடர்ந்து வரும். பாடு போகிற ஆள் ஒருவர் நாற்பது வயசில் கடைவாய்ப்பல்லை இழந்துவிட்டு, மிச்சக் காலத்துக்கும் ஒரு பக்கமாகவே மெல்லுவதோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகை இல்லை.

அதுவரைக்கும் பணம் கட்ட முடியாதவர்களுக்கு நான் சொல்வது சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி. 1953-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கியது. எளாவூர் ஸ்டேஷனில் ஏறி சென்ட்ரலில் இறங்குங்கள். எதிரே பார்க் ஸ்டேஷனில் பீச் வண்டி பிடித்தால் அடுத்த நிறுத்தம் கோட்டை, அதன் பக்கத்திலேயே. ரூட் கெனாலுக்கென்றே தனித் துறை இருக்கிறது. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள். சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சீட்டோடு போங்கள், நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். வேலைக்கு முன் எடுத்த எக்ஸ்ரே, பின் எடுத்த எக்ஸ்ரே இரண்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். படம் போனில் இருந்தாலும் போதும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கழுத்தில் எவ்வளவு போயிருக்கிறது என்று நமக்கே ஓரளவு தெரியும்.